அண்ணையின் இரண்டு மணித்தியாலமும் றெக்கோட்டின் மூன்று நிமிடமும்

ஒரே பாட்டை இரண்டு பேர் பாடியிருந்தால், எது திறம் என்று ஆட்கள் கதிரையில் இருந்துகொண்டு வாயால் சண்டை பிடிப்பார்கள். அல்லைப்பிட்டியில் நாங்கள் அப்படியில்லை. 1976ஆம் ஆண்டு அந்தச் சண்டையை நாற்பது ஆம்பிளைகள், இரண்டு கயிறு, ஒரு முழுக்கடல் என்று எல்லாவற்றையும் வைத்துப் பிடித்தோம். அதில் எனக்குப் போன மானத்தைச் சேர்த்து வைத்திருந்தால் இரண்டு தபால் பையில் அடைக்கலாம்.

என் தமையன் கிறிஸ்தோப்பர், வலைக்குச் சொந்தக்காரரான பத்திநாதர் சம்மாட்டியாரின் கரைவலையில் அம்பா பாடுகிறவர். வள்ளத்தில் போய்க் கடலை அரைவட்டமாக வளைத்து வலையைப் போட்டுவிட்டு, அதன் இரண்டு தலைப்புக் கயிற்றையும் கரைக்குக் கொண்டுவந்து, இந்தப் பக்கம் இருபது பேர் அந்தப் பக்கம் இருபது பேர் நின்று இழுப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் காலை வைக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் மற்றப் பக்கத்தால் குட்பை சொல்லிவிட்டுப் போய்விடும். அந்தக் காலடியை ஒன்றாக வைத்திருக்கிறதுதான் அம்பாப் பாட்டு. பாடுகிறவர் கயிறு பிடிப்பதில்லை. இரண்டு கயிற்றுக்கும் நடுவில், கடலைப் பார்த்தபடி தனியாக நிற்பார். அந்த நடு இடத்தில் அண்ணை பதினெட்டு வருஷம் நின்றவர். கோவிலில் சுவாமியார் நிற்கிற இடத்துக்கு அடுத்தபடி ஊரிலே அதுதான் பெரிய இடம் என்பது அவருடைய எண்ணம். சுவாமியாருக்கு அதில் மாறுபட்ட கருத்து இருந்திருக்கலாம்.

பாட்டும் அவரே கட்டினதுதான். வலை தூரத்தில் பாரமாகக் கிடக்கும்போது பாட்டும் பாரம்.

ஆழக் கடலுக்குள்ளே – ஏலோ
ஆர் விட்ட பெருமூச்சோ – ஏலோ

இந்த முதல் அடியை எடுத்து அவர் அடுத்த அடிக்கு வருவதற்கிடையில், குறிகட்டுவானிலிருந்து லோஞ்ச் நயினாதீவுக்குப் போய், சனத்தை இறக்கி, ஓட்டி ஒரு சோடாவும் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவான். அதற்குப் பிறகு உப்பைப் பற்றி ஆறு அடி, வெயிலைப் பற்றி எட்டு அடி, வலையில் சிக்குகிற சாதாளை என்ற கடற்பூண்டைத் திட்டிப் பன்னிரண்டு அடி. இப்படி இரண்டு மணித்தியாலம் போகும். வலையின் மடி, அதாவது மீன் நிறைந்திருக்கிற பை, கரைக்குக் கிட்ட வந்தவுடன் கெதியாக இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் மீன் பாய்ந்துவிடும். அப்போது மட்டும் பாட்டுக்குப் பேய் பிடிக்கும்.

மடி வருகுது மடி வருகுது மாக்கிறேற்று
அடுப்பை மூட்டு அடுப்பை மூட்டு மாக்கிறேற்று

மாக்கிறேற் என்பது அவருடைய மனிசி, என் மச்சாள். இந்தக் கடைசித் துண்டு நாலு நிமிடம் வரும். நாற்பது பேரும் குதிப்பார்கள், மணல் பறக்கும், மீன் வந்துவிடும்.

நான் ஊர்காவற்றுறைத் தபால்கந்தோரில் முத்திரை குத்தினவன். எங்கள் பரம்பரையில் கடலுக்குப் போகாத ஒரே ஆள். யாழ்ப்பாணத்தில் ஒரு பொப் இசைக் குழுவில் பாடினவன் என்னோடு படித்தவன். ஒருநாள் அவனிடம் அண்ணையின் பாட்டைப் பற்றிப் பெருமை அடித்தேன். ‘கசெற்றில பிடிச்சுக்கொண்டு வா, றெக்கோட் போடுவம்’ என்றான். அண்ணையின் பாட்டு வானொலியில் போகும், அல்லைப்பிட்டிக்குச் சனம் பஸ் பிடித்து வரும், எனக்குத் தபாலதிபர் பதவி தேடி வரும் என்றெல்லாம் கனவு கண்டு, ஒரு ரேப் றெக்கோடரை இரவல் வாங்கி வைத்துவிட்டு, சனிக்கிழமை விடிய எழும்புவதற்காகப் படுத்தேன்.

அந்தக் கனவு நல்ல நீளமான கனவு. கண் விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. கடற்கரைக்கு ஓடிப்போய்ச் சேரவும் மடி கரைக்கு வரவும் சரி. கடைசி நாலு நிமிடம் மட்டும் கசெற்றில் விழுந்தது.

‘முழுப் பாட்டும் இதுதானோ?’ என்று குழுக்காரன் கேட்டான்.

‘ஓம்’ என்றேன். ஒரேயொரு ஓம். அதற்கு மேல் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

மூன்று மாதத்தில் றெக்கோட் வந்துவிட்டது. கிற்றார், பொங்கோ, அக்கோடியன், நடுவில் ஒருவன் விசில் வேறு. அண்ணை பாடினால் மணல் பறக்கும். இவன்கள் பாடினால் கடலே எழும்பி ஆடும். வானொலியில் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை போனது என்று நான் சொல்லுவேன், மற்றவர்கள் மூன்று என்பார்கள். முதல்நாள் அண்ணை வீட்டுக் குசினியில் எல்லாரும் றேடியோவைச் சுற்றி நின்றோம். பாடகன் தொடங்கினான்.

மடி வருகுது மடி வருகுது றோசம்மா...

மச்சாள் அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினா. “ஆரது றோசம்மா?”

“எனக்கென்ன தெரியும்?” என்றார் அண்ணை.

“உங்கட பாட்டெண்டு சொன்னியள்.”

“பாட்டு என்ரை. றோசம்மா என்ரை இல்லை.”

“பதினெட்டு வருஷம் என்ர பேரை வைச்சுப் பாடிப்போட்டு, றேடியோவுக்கு மட்டும் றோசம்மாவோ?”

பாட்டு முடிந்து, அறிவிப்பாளர் ‘இது ஒரு நாட்டார் பாடல்’ என்றார்.

“நாட்டாரோ? ஆரடா அந்த நாட்டார்? நான் உயிரோட நிக்கிறன்! செத்தாப்பிறகு என்னை நாட்டாராக்கட்டும்! தொடக்கம் எங்கை? சாதாளை எங்கை? தலையை வெட்டிப்போட்டு வாலை மட்டும் கறிவைச்சிருக்கிறாங்கள்!”

தலையை வெட்டினவன் அவருக்குப் பக்கத்தில் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன்.

“எண்டாலும் அவன் வடிவாத்தான் பாடுறான்,” என்றா மச்சாள். “உங்கட பாட்டுக்குச் சோறு வைச்சால் குழைஞ்சு களியாப் போகும். இவன்ரைக்கு ஒரு முட்டை அளவா அவியும்.”

அதிலிருந்து அண்ணைக்கு ஊரில் நிம்மதி இல்லை. நாரந்தனையில் ஒரு கலியாண வீட்டில், பிடிவாதமாய் எழும்பி நின்று முதல் அடியிலிருந்து பாடினார். சாதாளைக்கு வருவதற்கிடையில் பந்தி முடிந்து சனம் கை கழுவிவிட்டது. கடைசித் துண்டுக்கு வந்தபோது ஒரு கிழவர் எழும்பிச் சொன்னார்: “றெக்கோட்டைக் கேட்டுக் கேட்டு நல்லாத்தான் பழகியிருக்கிறீர். ஆனால் தம்பி, அந்தப் பொடியன்ர மூச்சு உமக்குக் காணாது.”

வீடு வரும்வரைக்கும் அண்ணை சைக்கிளின் மணியை மட்டும் அடித்துக்கொண்டே வந்தார், எதிரில் ஆளில்லாத தெருவில்.

இதெல்லாம் பறவாயில்லை. மெய்யான இடி பத்திநாதர் சம்மாட்டியாரிடமிருந்து வந்தது. கப்பலில் வேலை செய்த அவருடைய மருமகன் ஒரு கசெற் பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். அந்தப் பாட்டின் கசெற்றும் கூட வந்தது. சம்மாட்டியார் அதைப் போட்டுக் கேட்டார், விரலால் கணக்குப் பார்த்தார், அண்ணையைக் கூப்பிட்டார்.

“கிறிஸ்தோப்பர், உம்மட பாட்டு ரண்டு மணித்தியாலம். இது மூண்டு நிமிஷம். இந்த அடிக்கு இழுத்தால் பத்து மணிக்கு முன்னம் ரண்டு தரம் வலை வளைக்கலாம்.”

“சம்மாட்டியார், அது முடிக்கிற அடி. தொடங்கிற அடியில்லை.”

“பாட்டெண்டால் பாட்டுத்தானே. நாளைக்குப் பெட்டி பாடட்டும். நீர் மேற்குக் கயித்தில நில்லும். உம்மட தொண்டையும் ஆறும்.”

“ஒருநாளைக்கோ?”

“சரிவந்தால் எந்நாளைக்கும்.”

பெட்டியை முடுக்குகிறதுக்குப் படித்த ஆள் ஒன்று வேண்டுமாம். சம்மாட்டியார் என் ஞானத் தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியில் என்னைத் தூக்கிப் பிடித்த கையால் இப்போது விரலை நீட்டி, “நீ வாறாய்” என்றார். ஞானத் தகப்பனுக்கு ஏலாது என்று சொன்னவன் எங்கள் பங்கில் இதுவரைக்கும் பிறக்கவில்லை. தமையனின் இடத்தைப் பறிக்கிற பெட்டிக்கு நானே காவல்.

விடிய ஐந்தரைக்கு வந்து நின்றேன். என் வாழ்க்கையிலேயே முதல்தரம் பிந்தாமல் வந்த நாள், வந்திருக்கவே கூடாத நாள். அண்ணை நின்ற நடு இடத்தில் ஒரு கட்டையை நட்டு, அதன் தலையில் பெட்டியைக் கட்டியிருந்தது. அண்ணை மேற்குக் கயிற்றில் இருபதாவது ஆளாக, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வலை வளைத்து முடிந்து இரண்டு கயிறும் கரைக்கு வந்தன. சம்மாட்டியார் தலையாட்டினார். நான் பொத்தானை அமத்தினேன்.

நாற்பது பேரும் பாய்ந்தார்கள்! மெய்யாகவே சொல்லுகிறேன், முதல் மூன்று நிமிடம் அந்தக் கயிறு புகைந்தது. “பாத்தீரோ, பாத்தீரோ!” என்று சம்மாட்டியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். பாட்டு முடிந்தது.

முடிந்தால் என்ன செய்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கசெற்றைப் பின்னுக்குச் சுற்ற வேண்டும். நான் சுற்றினேன். அது கிர்ர் என்று சுற்றுகிற நேரம் முழுக்க நாற்பது பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க, நீரோட்டம் வலையைத் தன்பாட்டுக்கு இழுத்தது. பத்துக் காலடி வந்த வலை ஒன்பது காலடி பின்னால் போனது. மறுபடியும் பாட்டு, மறுபடியும் பாய்ச்சல், மறுபடியும் கிர்ர்.

நாலாம் முறை கிழக்குக் கயிற்றில் நின்ற சந்தியோகு கத்தினான். அவன் கையைவிட வாயால் கூட இழுக்கிறவன். “சம்மாட்டியார்! உந்த றோசம்மாவுக்கு ஒரு அலுவலும் இல்லையோ? எத்தினை தரம் அடுப்பை மூட்டுறது? எங்கட நெஞ்சுதான் பத்தி எரியுது!”

“சத்தம் போடாமல் இழுடா!”

“இழுக்கிறன், இழுக்கிறன். மடி வருகுது எண்டு பெட்டி சொல்லுது. கடலுக்கு ஆர் சொல்லுறது?”

கிழக்குப் பக்கம் இளந்தாரிகள், மேற்குப் பக்கம் கொஞ்சம் வயதானவர்கள். ஏழாம் முறை கிழக்கு பதினைந்து காலடி முந்திவிட்டது. வலை கோணிக்கொண்டு, தெற்கே தண்ணீருக்குள் கிடந்த பாறைத் திட்டான கற்பாரை நோக்கிச் சாயத் தொடங்கியது. பாரில் மாட்டினால் வலை பொத்தல் பொத்தலாய்க் கிழியும். அண்ணை திரும்பிப் பார்த்தார். வாய் துடித்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்குச் சீவன் குறையத் தொடங்கியது. அந்த வருஷம் கடைகளில் நல்ல பற்றறி கிடையாது. பழசை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாவித்த காலம். சம்மாட்டியாருடைய பற்றறிகள் கருவாட்டை விடக் கூட வெயில் கண்டவை. பாடகனின் குரல் தடித்தது. கிற்றார் உறுமியது. றோசம்மா என்ற ஒரு பேர் நாலு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக வந்தது.

றோ... ச... ம்... மா...

கால்கள் அந்த அளவுக்கு இறங்கின. ஒரு துண்டுக்கு ஒரு எட்டு. பாரமான எட்டு. கிழக்கும் மேற்கும் ஒரே நேரத்தில் மணலில் ஊன்றின. கோணின வலை மெள்ள மெள்ள நிமிர்ந்தது. அந்த வேகம் எனக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

“அடேய்!” என்று சந்தியோகு கூவினான். “இப்பதான் பொடியன் ஒழுங்காப் பாடுறான்!”

மற்ற எல்லாரும் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. தன்னுடைய வீட்டுச் சாமானைக் கடையில் கண்டவர் மாதிரி அந்தப் பெட்டியைப் பார்த்தார். அது இன்னும் இரண்டு தரம் முனகிவிட்டுச் செத்தது.

கடல் சத்தம் மட்டும். வலை பாரின் பக்கம் மறுபடி சாய்ந்தது.

“கிறிஸ்தோப்பர்,” என்றார் சம்மாட்டியார், “தொடங்கும்.”

“நான் கயிறு இழுக்கிறவன் சம்மாட்டியார். பாட்டுக்குப் பெட்டியிட்டைக் கேளுங்கோ.”

“விசர்க்கதை கதையாதையும்! வலை போகுது!”

“எதிலயிருந்து தொடங்க?”

“எதிலயிருந்தெண்டாலும் தொடங்குமன்! பாதி வலை வந்திட்டுது, பாதியிலயிருந்து பாடும்!”

“அது ஏலாது. தொடக்கத்திலயிருந்துதான்.” அப்படியே என் பக்கம் திரும்பினார். “உந்தப் பெட்டிக்குத்தான் தொடக்கம் இல்லை. ஆர் வெட்டினவங்களோ, ஏன் வெட்டினவங்களோ. கையில கிடைச்சால்...”

அந்த நாற்பது பேருக்கு நடுவில், செத்த பெட்டிக்குப் பக்கத்தில், என் வாய் தன்பாட்டில் திறந்தது. “அண்ணை, அவங்கள் வெட்டேல்லை. நான் நித்திரையாப் போனனான். பிந்தி வந்து கடைசித் துண்டைத்தான் பிடிச்சனான். முழுக்க இதுதானோ எண்டு கேட்டவங்கள். ஓம் எண்டிட்டன்.”

அண்ணை என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கூடை மீன் கருவாடாகியிருக்கும். அவர் கயிற்றைப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தார். நடு இடத்துக்கு நடந்து வந்தார். கட்டையைப் பிடுங்கவில்லை, அதற்கு முன்னால் போய், கடலைப் பார்த்து நின்றார்.

ஆழக் கடலுக்குள்ளே – ஏலோ

நாற்பது கால் ஊன்றின. ஊர் முழுக்க வாலை மட்டும் கேட்டிருந்த பாட்டை முதலிலிருந்து எடுத்தார். உப்பு வந்தது, வெயில் வந்தது. சாதாளைக்கு முன்னால் புதிதாக இரண்டு அடி வந்தது.

கந்தோர்த் தம்பி படுத்திருந்தான் – ஏலோ
கடைசி வாலைப் பிடிச்சுக் குடுத்தான் – ஏலோ

இழுக்கிறவர்கள் சிரித்துச் சிரித்து ஏலோ போட்டார்கள். அடுத்த இரண்டு அடி சம்மாட்டியாரின் வயிற்றைப் பற்றியது. அதை நான் எழுதமாட்டேன். அவர் என் ஞானத் தகப்பன். பாரைத் தாண்டி வலை வந்தது. கிட்ட வந்ததும் பாட்டு எகிறியது. மடி வருகுது மடி வருகுது என்று அவர் சொன்ன நேரம் மடி மெய்யாகவே வந்தது. திமிங்கிலம் ஒன்றும் அதற்குள் இருக்கவில்லை, ஆனால் அவ்வளவு கோணிக் கிடந்த வலைக்கு அது அதிசயமான மீன்.

“நாளைக்கும் நீரே பாடும்,” என்றார் சம்மாட்டியார், அண்ணையின் முகத்தைப் பார்க்காமல். பெட்டியைத் தூக்கித் துவாயில் சுற்றிக்கொண்டு போனார்.

அண்ணை என்னிடம் வந்தார். ஏச்சு வரப்போகிறது என்று தலையைக் குனிந்தேன்.

“நாளைக்கு லீவு போடு. விடிய வா. மேற்குக் கயித்தில என்ர இடத்தில நில். தொடக்கத்திலயிருந்து கேள். கயித்தில நிண்டு ஒருநாளும் கேட்டதில்லையே நீ?”

கேட்டதில்லைத்தான். முப்பத்தைந்து வயதுவரைக்கும் அவர் வலைக்குப் பாடுகிற நேரமெல்லாம் நான் படுக்கையில் இருந்தவன்.

மறுநாள் போனேன், இழுத்தேன். முத்திரை குத்தின கை அது. உப்பைப் பற்றிய ஆறு அடிக்குள் தோல் உரிந்தது. வெயிலைப் பற்றிய எட்டு அடிக்குள் இடுப்பு கழன்றது. சாதாளையில் நான் மாதாவைக் கூப்பிட்டேன், யாகப்பரைக் கூப்பிட்டேன், கடைசியில் மச்சாளையும் கூப்பிட்டேன். ஆனால் ஒன்று. அந்த நீண்ட இழுவையான அடிதான் என்னைத் தூக்கி நிறுத்தி வைத்தது. ஏலோவுக்கு ஒரு எட்டு, ஏலோவுக்கு ஒரு மூச்சு. அது ஒரு நூல் அளவு கெதியாக வந்திருந்தால் நான் அங்கேயே மண்ணுக்குள் போயிருப்பேன். கடைசித் துண்டில் என் கால் துள்ளினபோது, இரண்டு மணித்தியாலம் தவண்டு வந்த கால்தான் அப்படித் துள்ளும் என்று கண்டேன்.

முடிந்ததும் கவிழ்த்துவைத்த வள்ளத்தின் பக்கத்தில் இருந்து, இரண்டு கையையும் கடல் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு அழாத குறை. அண்ணை வந்து பக்கத்தில் குந்தினார். மெதுவாகக் கேட்டார்.

“எப்பிடி?”

அந்தக் குரலில் இருந்ததை நான் அதற்கு முன்னம் கேட்டதில்லை. பதினெட்டு வருஷம் பாடினவர், ஒரு ஆளிடம் முதல்தரம் கேட்கிறார். பொய் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன். ஒரு ஓம் சொல்லிப் பட்டது காணும்.

“உண்மையைச் சொல்லட்டோ அண்ணை? கதிரையில இருந்து கேக்கிறதெண்டால் றெக்கோட்தான் திறம். ஆனால்—”

அவர் எழும்பிவிட்டார்.

“அண்ணை, ஆனால் கயித்தில நிண்டு—”

நடந்துவிட்டார். நான் பின்னால் ஓடினேன். காற்று எதிர்க்காற்று. “கயித்தில நிண்டால் உங்கடை இல்லாமல் ஏலாது அண்ணை! அவன்ரை வெறும் வால்! உங்கடைதான் மீன்!” என்று கத்தினேன். அவர் காகம் கலைக்கிற மாதிரிக் கையை வீசிக்கொண்டு பனைகளுக்குள் மறைந்துவிட்டார். என் பதிலின் நல்ல பாதியைக் கேட்டது சந்தியோகுவும் இரண்டு நாயும்தான்.

ஒன்பது நாள் என்னோடு கதைக்கவில்லை. வழியில் கண்டால் மறுபக்கம் பார்த்தார். பூசையில் எனக்கு முன் வாங்கில் இருந்துகொண்டு முதுகால் கோபித்தார். பத்தாம் நாள் பின்னேரம் மச்சாள் தபால்கந்தோர்க் கவுண்டருக்கே வந்துவிட்டா.

“தம்பி, அந்த மனிசனுக்கு என்ன சொன்னனீர்? வீட்டில சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை. உமக்குச் சொல்லட்டாம், நாளைக்கு விடிய வந்து இன்னொருக்கா இழுத்துக் கேட்டிட்டு ஒழுங்கா ஒரு பதில் நீர் சொல்லவேணுமாம்.”

என் உள்ளங்கைகளைப் பார்த்தேன். அப்போதுதான் புதுத் தோல் வந்துகொண்டிருந்தது. லீவுக் கடிதத்தை எழுதிவிட்டு, அடுத்தநாள் இருட்டோடு எழும்பிக் கடற்கரைக்குப் போனேன், ‘ஆனால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருகிறதை இந்த முறை முதலில் சொல்லுவதென்று வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு.